வீட்டுக் கணிப்பொறியின் ஆயுள்

வீட்டிற்கு ஒரு கணிப்பொறி வாங்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன் பலவகைக் கருத்துகளும் உடன் எழுந்துவிடுகின்றன. "புதிதாக வந்திருப்பதையே வாங்கவேண்டும்" என்பார் ஒருவர். "இருப்பதே போதும், நினைவகத்தைச் சற்றுக் கூட்டினால் இன்னும் ஐந்து ஆண்டு ஓடும்" என்பார் மற்றொருவர். "விண்டோஸ் இல்லாமல் வேலை நடவாது" என்று ஒருவரும், "லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கக் காசு கொடுப்பானேன்?" என்று வேறொருவரும் வாதிடுவர். இவ்வாதங்கள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், இவற்றுள் எதுவும் தொடாத கேள்வி ஒன்றும் உண்டு. எந்தப் பொறியும் ஒரு நாள் பயனற்றுப் போகும். அப்பொழுது அதில் நாம் எழுதியவை, வரைந்தவை, சேர்த்துவைத்தவை ஆகியவற்றின் கதி என்ன என்பதே அக்கேள்வி.

இதற்கு விடை காணக் கற்பனையை நாடவேண்டுவதில்லை. இங்கிலாந்து நாட்டில் உண்மையாக நடந்த ஒரு வரலாறே தக்க விடை தருகிறது. அதனைக் கூறுமுன் கணிப்பொறியின் அமைப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறுவது அவசியம்.

வீட்டுக் கணிப்பொறியை மூன்று அடுக்குகளாக எண்ணிக்கொள்ளலாம். முதலாவது வன்பொருள். கணக்கிடும் செயலி, நினைவகம், திரை, விசைப்பலகை, தகவலைச் சேமிக்கும் வட்டு ஆகியவை இதனுள் அடங்கும். இவை கையால் தொட்டு உணரத் தக்கவை. இரண்டாவது இயங்குதளம். நாம் ஒரு விசையை அழுத்தினால் அதனை எழுத்தாக ஏற்றுக்கொள்வதும், ஒரு கட்டுரையைச் சேமிக்கச் சொன்னால் வட்டில் இடம் ஒதுக்கி அதற்குப் பெயரிட்டு வைப்பதும், பல வேலைகள் ஒரே சமயத்தில் நினைவகத்தைக் கேட்கும்பொழுது பங்கிட்டுக் கொடுப்பதும் இதன் பணி. பிற மென்பொருள்கள் வன்பொருளின் தொண்டைப் பெரும்பாலும் இதன் வாயிலாகவே பெறுகின்றன. மூன்றாவது நம்முடைய ஆக்கம். மாணவர் எழுதிய கட்டுரை, தந்தையார் எழுதிவைத்த வரவுசெலவுக் கணக்கு, குடும்பத்தின் புகைப்படங்கள் ஆகியவை இவ்வகையின. முதல் இரண்டையும் விலை கொடுத்து மீண்டும் வாங்கலாம். மூன்றாவதை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1980-ஆம் ஆண்டையொட்டி, சில்லுகளின் விலை குறைந்ததால் கணிப்பொறி நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் பொருளாக மாறத் தொடங்கியது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி. இம்மாறுதலை உணர்ந்து, பொதுமக்களுக்குக் கணிப்பொறி அறிவைப் புகட்டும் திட்டம் ஒன்றை வகுத்தது. தொலைக்காட்சியில் பாடம் சொல்லவேண்டுமாயின், பார்ப்பவர்கள் வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு பொறி வேண்டுமன்றோ? அப்பொறியை உருவாக்கும் பணி, கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏக்கார்ன் என்னும் சிறு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் இதனை வடிவமைப்பதில் முக்கியப் பங்கு கொண்டனர். 1981-ஆம் ஆண்டு டிசம்பரில் 'பி.பி.சி. மைக்ரோ' வெளிவந்தது. அடுத்த மாதமே தொலைக்காட்சித் தொடரும் தொடங்கிற்று.

அப்பொறியின் ஆற்றலை இன்றைய கணிப்பொறியோடு ஒப்பிட்டால் வியப்புத் தோன்றும். அதன் 'பி' வகையில் இருந்த நினைவகம் 32 கிலோபைட்டு. அதாவது ஏறத்தாழ 32,000 ஆங்கில எழுத்துகளுக்குரிய இடம். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 8 ஜிகாபைட்டு நினைவகம் அதனைப்போல் இரண்டரை இலட்சம் மடங்குக்கும் மேற்பட்டது. அந்த 32 கிலோபைட்டும் முழுமையாகக் கிட்டுவதில்லை. திரையில் நுட்பமான படம் வேண்டுமெனில் 20 கிலோபைட்டு அதற்கே போய்விடும். எஞ்சிய இடத்தில்தான் நிரலை எழுதவேண்டும். இத்தனை நெருக்கடியிலும் அது நன்கு உழைத்தது. அதன் இயங்குதளமும், பேசிக் என்னும் நிரல்மொழியும், மாறாத நினைவகச் சில்லுகளில் பதிக்கப்பட்டிருந்தன. ஆதலால் மின்சாரத்தைச் செலுத்திய கணத்திலேயே பொறி கட்டளைக்குக் காத்து நின்றது. பிரிட்டனின் பள்ளிகளில் பெரும்பாலானவை அதனை வாங்கின. நம் இந்திய அரசு 1984-ஆம் ஆண்டில் பள்ளிகளில் தொடங்கிய கணிப்பொறிக் கல்வித் திட்டத்திலும் இதே பொறி பயன்பட்டது.

அக்காலத்தில் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 முதலிய வேறு பொறிகளும் சந்தையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி இயங்குதளம். ஒன்றிற்காக எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. ஒன்றில் பதிந்த நாடாவை மற்றொன்று படித்து அறியாது. எந்தப் பொறி சிறந்தது என்பது பள்ளிப் பிள்ளைகளிடையே ஓயாத வழக்காக இருந்தது. நிறம் மிகுந்தது எது, ஒலி இனியது எது, விலை குறைந்தது எது என்றெல்லாம் வாதிட்டனர். இவை யாவும் பொறியின் இளமையைப் பற்றிய வாதங்கள். அதன் முதுமையைப் பற்றி அப்பொழுது நினைத்தவர் மிகச் சிலரே.

இந்நிலையில் பி.பி.சி. ஓர் அரிய முயற்சியைத் தொடங்கியது. இங்கிலாந்தை வென்ற மன்னன் வில்லியம், 1086-ஆம் ஆண்டில் தன் நாட்டின் நிலம், ஏர், ஆலை, குடி ஆகியவற்றைக் கணக்கெடுத்து ஒரு பெருநூலில் பதியச் செய்தான். 'டூம்ஸ்டே நூல்' என்பது அதன் பெயர். அதற்கு 900 ஆண்டு நிறைவதைக் கொண்டாடும் முறையில், 1986-ஆம் ஆண்டில் ஒரு புதிய டூம்ஸ்டே உருவாக்கப்பட்டது. நாடு முழுவதும் 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள பள்ளிப் பிள்ளைகளும் ஊர்ச் சங்கத்தினரும் தம் ஊரைப் பற்றி எழுதி அனுப்பினர். தெருவில் எத்தனை கடைகள், என்ன உணவு உண்கிறோம், என்ன விளையாடுகிறோம் என்பவற்றையெல்லாம் அவர்கள் எழுதினர். ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் இதில் பங்குகொண்டதாகக் கூறுவர். இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களும் ஆயிரக்கணக்கான படங்களும் சேர்ந்தன. இவை இரண்டு பெரிய ஒளித்தட்டுகளில் பதியப்பட்டன. அத்தட்டுகளைப் படிக்கத் தனிவகைக் கருவி ஒன்றும், பி.பி.சி. மைக்ரோவின் வழிவந்த 'மாஸ்டர்' என்னும் கணிப்பொறியும் வேண்டியிருந்தன.

அது பழுதற்ற திட்டம் என்றே அன்று தோன்றியது. ஒளித்தட்டு பூச்சி அரிக்காதது. அதில் பதிந்ததை லேசர் ஒளி கொண்டு படிப்பதால் ஊசி உரசித் தேய்வதும் இல்லை. ஆயின், இத்திட்டத்தின் விலை பல ஆயிரம் பவுனாக இருந்ததால் பள்ளிகள் பலவும் இதனை வாங்க இயலவில்லை. இதற்குள் காலமும் விரைந்து மாறிற்று. ஐ.பி.எம். நிறுவனம் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பொறியும், அதனைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் செய்த ஒத்த பொறிகளும் உலகெங்கும் பரவின. இங்கிலாந்தின் பள்ளிகளும் அவற்றிற்கு மாறின. பழைய பொறிகள் அறையின் மூலைக்குச் சென்றன. பின்னர்க் குப்பைக்குச் சென்றன. தட்டைப் படிக்கும் கருவிகள் அரியனவாகிவிட்டன. பதினைந்து ஆண்டுகளில், பிள்ளைகள் தம் ஊரைப் பற்றி எழுதிய பக்கங்களை எளிதில் படிக்க வழியில்லாமற் போயிற்று. 1086-இல் ஆட்டுத்தோலில் மையால் எழுதிய நூலோ, இலண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இன்றும் படிக்கத்தக்க நிலையில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். தட்டு கெட்டுவிடவில்லை. எழுத்துகள் அழியவும் இல்லை. அழிந்துகொண்டிருந்தது, அவ்வெழுத்துகளை அடைவதற்கான வழி. தட்டுக்குக் கருவி வேண்டும். கருவிக்குக் கணிப்பொறி வேண்டும். கணிப்பொறிக்கு அதன் இயங்குதளம் வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், முழுவதும் பயனற்றதாகிவிடும்.

நல்வேளையாக, இவ்வாக்கத்தை மீட்க அறிஞர் சிலர் முன்வந்தனர். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 2002-ஆம் ஆண்டில் ஒரு வழியைச் செய்துகாட்டின. பழைய பொறி எவ்வாறு நடந்துகொள்ளுமோ அவ்வாறே புதிய கணிப்பொறியை நடிக்கச்செய்யும் மென்பொருளை அவர்கள் எழுதினர். நாடகத்தில் இன்று வாழும் நடிகர் ஒருவர் பண்டைய அரசனாக வேடம் பூண்டு பேசுவதுபோல, புதிய கணிப்பொறி பழைய கணிப்பொறியாக வேடம் பூண்டது. பழைய நிரலும் தான் தன் சொந்தப் பொறியிலேயே இருப்பதாகக் கருதி இயங்கியது. பின்னர் 2011-ஆம் ஆண்டில், ஊர்களைப் பற்றிய தட்டின் செய்திகளை இணையத்தில் எவரும் படிக்குமாறு பி.பி.சி. வெளியிட்டது. 2018-ஆம் ஆண்டில் அந்த இணையதளமும் மூடப்பட்டது. அதன் நகலைத் தேசிய ஆவணக்காப்பகம் காத்துவருகிறது. மீட்ட பின்னும் மீண்டும் ஒருமுறை இடம் பெயரவேண்டியிருந்தது என்பதை மறவாமல் நோக்கவேண்டும்.

பொறி மறைந்தது, ஆனால் அதன் வித்து மறையவில்லை. வில்சனும் ஃபர்பரும் ஒரு புதிய செயலியை வடிவமைத்தபொழுது, அது நடந்துகொள்ளவேண்டிய முறையைப் பி.பி.சி. மைக்ரோவில், பேசிக் மொழியிலேயே எழுதிச் சோதித்தனர். 1985-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'ஆர்ம்' என்னும் அச்செயலி முதன்முதலில் இயங்கிற்று. அதன் வழிவந்த செயலிகளே இன்றைய கைப்பேசிகளில் ஏறக்குறைய அனைத்திலும் உள்ளன. 2020-ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் நிறுவனத்தின் கணிப்பொறிகளும் அவ்வகைச் செயலிக்கே மாறத் தொடங்கின. எனவே, தொழில்நுட்பம் மாறுவது வருந்தத்தக்கது என்று எவரும் கருதவேண்டா. மாறுதலால் அறிவு வளர்கிறது. அம்மாறுதலில் நம் ஆக்கம் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதே நாம் செய்யவேண்டுவது.

இனி, ஒரு கணிப்பொறி 'பழையதாகிவிட்டது' என்று சொல்கிறோமே, அதன் பொருள் யாது என ஆராய்வோம். முதுமை மூன்று வகையில் வரலாம். முதலாவது தேய்மானம். வட்டு பழுதடைகிறது, மின்கலம் வலுவிழக்கிறது, விசிறி நின்றுவிடுகிறது. இதற்குப் பழுதுபார்த்தல் மருந்து. இரண்டாவது பற்றாக்குறை. பொறி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் இடும் வேலை பெரிதாகிவிட்டது. நினைவகத்தைக் கூட்டினால் சில சமயம் இது தீரும். மூன்றாவது கைவிடப்படுதல். பொறி நலமாக உள்ளது, வேலையும் நடக்கிறது, ஆனால் இயங்குதளத்தைச் செய்தவர் இனி அதனைப் பேணுவதில்லை என்று அறிவித்துவிடுகிறார்.

இம்மூன்றாம் வகைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவு, 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் உள்ள பொறிகளையே முறைப்படி ஏற்கிறது. ஆகவே, நன்றாக உழைத்துக்கொண்டிருந்த பல கணிப்பொறிகள் ஒரு நாள் மாலையில் 'முதியவை' ஆகிவிட்டன. அவற்றின் முதுமையைத் தீர்மானித்தது தேய்மானம் அன்று, ஓர் அறிவிப்பு.

இதனைக் கேட்டவுடன் நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டத் தோன்றும். மறுபக்கத்தையும் பார்ப்பதே நடுநிலை. இயங்குதளம் என்பது பல கோடி வரிகள் கொண்ட மென்பொருள். அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அவற்றை அடைப்பதற்கு ஆளும் பொருளும் வேண்டும். எல்லாப் பழைய பதிப்புகளையும் என்றென்றும் பேணுதல் இயலாது. அடைக்கப்படாத ஓட்டையின் தீமையை 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகம் கண்டது. 'வானாகிரை' என்னும் தீய நிரல் பல நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகள் பலவும் அதனால் இடர்ப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம், அப்பொழுது ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு இரண்டு மாதம் முன்னரே வழங்கப்பட்டிருந்தது. பல பொறிகளில் அஃது இடப்படவில்லை. ஆகவே, கைவிடப்பட்ட இயங்குதளத்தை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது, பூட்டுப் பழுதான கதவை அப்படியே விட்டு உறங்குவது போன்றது.

அப்படியாயின், இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் என்றும் இளமையோடு இருக்குமா என்று கேட்கலாம். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வீட்டிலிருந்த கணிப்பொறியில் அதனை எழுதத் தொடங்கினார். அப்பொறியின் செயலி இன்டெல் 386. லினக்ஸ் வளர்ந்து உலகெங்கும் பரவியது. ஆனால் 2012-ஆம் ஆண்டு டிசம்பரில், அதே 386 செயலிக்கான ஆதரவு லினக்ஸின் மையப் பகுதியிலிருந்து நீக்கப்பட்டது. பிறந்த தொட்டிலையே விட்டு அது வளர்ந்துவிட்டது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அதன் மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. வேண்டுவோர் பழைய பதிப்பை எடுத்துத் தாமே பேணிக்கொள்ளலாம். பேணுவது எளிதன்று, ஆனால் கதவு பூட்டப்படவில்லை. பழைய கணிப்பொறிகள் பலவற்றுக்கு இலேசான லினக்ஸ் வகைகள் இன்றும் மறுவாழ்வு அளிப்பதற்கு இதுவே காரணம்.

டூம்ஸ்டே தட்டுக்கு நேர்ந்தது அயல்நாட்டுக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. அதே இடர் தமிழுக்கும் நேர்ந்தது. இணையம் பரவத் தொடங்கிய காலத்தில், கணிப்பொறியில் தமிழ் எழுதப் பலர் பல எழுத்துருக்களைச் செய்தனர். அவற்றுட் பலவற்றில் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவம் வைக்கப்பட்டிருந்தது. ஆதலால், கணிப்பொறி உள்ளே பதிந்துகொண்டது ஆங்கில எழுத்தின் எண்ணையே. எழுத்துருதான் அதனைத் தமிழாகக் காட்டிற்று. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் அதே கட்டுரையைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலே காணப்படும். இவ்வேறுபாடுகளைக் குறைக்க 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாடு ஒரு முயற்சி செய்தது. 1991-ஆம் ஆண்டு முதற்கொண்டே தமிழுக்கும் இடம் அளித்துவந்த உலகப் பொதுக் குறியீடாகிய ஒருங்குறியை, 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. இன்று ஒருங்குறியில் எழுதும் தமிழை எந்த நிறுவனத்தின் பொறியும், எந்த இயங்குதளமும் தமிழாகவே காட்டுகிறது. பழைய எழுத்துருக்களில் எழுதி, மாற்றப்படாமற் கிடக்கும் கட்டுரைகளுக்கு அந்த நற்பேறு இல்லை.

இவற்றிலிருந்து மாணவர்கள் அறியவேண்டுவன சில. கணிப்பொறி வாங்கும்பொழுது "இது எவ்வளவு விரைவானது?" என்று மட்டும் கேட்டல் போதாது. "இதன் நினைவகத்தையும் வட்டையும் மின்கலத்தையும் பின்னர் மாற்ற இயலுமா? இதன் இயங்குதளத்தை எத்தனை ஆண்டுகள் பேணுவதாக உறுதி கூறியிருக்கிறார்கள்? அவர்கள் கைவிட்டால் வேறோர் இயங்குதளத்தை இதில் இட முடியுமா?" என்றும் கேட்கவேண்டும். ஒருமுறை பணம் திரட்டி வாங்கும் குடும்பத்திற்கு இக்கேள்விகள் மிகவும் இன்றியமையாதவை.

கட்டுரையைச் சேமிக்கும்பொழுதும் அது எவ்வடிவில் பதிகிறது என்று நோக்கவேண்டும். ஒரே நிறுவனத்தின் ஒரே மென்பொருள் மட்டும் படிக்கும் வடிவம், சாவி ஒருவரிடமே இருக்கும் பெட்டி. எளிய உரைக்கோப்பும், 2006-ஆம் ஆண்டில் உலகத் தரமாக ஏற்கப்பட்ட ஓ.டி.எஃப். வடிவமும், 2008-ஆம் ஆண்டில் அவ்வாறு ஏற்கப்பட்ட பி.டி.எஃப். வடிவமும், விதிகள் யாவருக்கும் வெளியிடப்பட்ட வடிவங்கள். இவற்றைப் படிக்கும் மென்பொருளை எவரும் எழுதலாம். மேலும், முக்கியமான கோப்புகளின் படிகளை ஓரிடத்திலன்றி இரண்டு மூன்று இடங்களில் வைத்துக்கொள்வது நலம். புதிய பொறி வாங்கியவுடன், பழைய பொறி உயிரோடிருக்கும்பொழுதே கோப்புகளைப் பெயர்த்துத் திறந்து சரிபார்த்துக்கொள்ளவேண்டும்.

இம்முறை நமக்குப் புதிதன்று. பனையோலை சில நூற்றாண்டுகளுக்குமேல் நில்லாது என்பது நம் முன்னோர்க்குத் தெரியும். ஆதலால், ஏடு செல்லரிக்குமுன் அதனைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். சங்கப் புலவர்கள் காலத்து ஏடு ஒன்றேனும் நம்மிடம் இல்லை. ஆனால் அவர்தம் பாடல்கள் இருக்கின்றன. அவற்றைக் காத்தது ஓலையின் வலிமை அன்று. தலைமுறைதோறும் சலியாமல் படியெடுத்தவர்களின் கை. நாளை வரும் பொறிகள் இன்றைய பொறிகளைவிட விரைவாகவும் வலிமையாகவும் இருக்கும் என்பதில் ஐயமில்லை. அவையும் முதுமை அடையும். உங்கள் கணிப்பொறியில் நீங்கள் எழுதிய நல்ல கட்டுரை ஒன்று இருக்குமாயின், அதனை இன்றே வேறோர் இடத்திலும் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.